புது வீட்டில் படுக்கையறைச் சுவர் ஊறுகிறது: கசிவை எங்கே தேடுவது, செலவை யார் ஏற்பது?

வடவள்ளிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவை வடவள்ளிப் பக்கம் எங்கள் சொந்த மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 1,550 சதுரடி வீட்டை, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுரடிக்கு 2,100 ரூபாய் என்று பேசி, ஒரு ஒப்பந்ததாரரிடம் கட்டக் கொடுத்தோம். சென்ற தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். இப்போது கார்த்திகை நடக்கிறது.

கீழ்த்தளப் படுக்கையறைக்கும் அதை ஒட்டிய குளியலறைக்கும் நடுவிலுள்ள சுவரில், ஐப்பசி முதல் வாரத்தில், தரையோரப் பட்டைக்கு மேலே கையகல இடத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்ததைப் பார்த்தோம். விரலால் அழுத்தியபோது உள்ளேயிருந்த பட்டி ஈர மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தது. ஆறு வாரத்தில் அந்த ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. அந்தச் சுவரோடு சேர்த்துச் செய்த மர அலமாரியின் பின்பலகை உப்பி, கீழ் இழுப்பறை பாதிக்கு மேல் வெளியே வர மறுக்கிறது. அதில் வைத்திருந்த புடவைகளில் இரண்டில் பழுப்புக் கறை விழுந்த பிறகுதான் என் மனைவி இதை இனியும் தள்ளிப்போட முடியாது என்றார்.

ஒப்பந்ததாரர் மூன்று முறை வந்து பார்த்தார். முதல் முறை, புதுக் கட்டடத்தின் ஈரம் காய ஓராண்டு ஆகும் என்றார். இரண்டாம் முறை, ஐப்பசி மழையின் வேலை என்றார். அது வீட்டுக்கு நடுவிலுள்ள உள்சுவர், மழை படும் வெளிச்சுவர் அங்கிருந்து பதினான்கு அடி தள்ளியிருக்கிறது என்று நான் சொன்னதும் மூன்றாம் முறையாகத் தம் பிளம்பரை அனுப்பி, குளியலறை டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமென்ட் தேய்க்கச் செய்தார். பலன் ஒன்றும் இல்லை. இப்போது, குளியலறை டைல்ஸ் முழுவதையும் உடைத்தால்தான் காரணம் தெரியும், உடைக்கும் கூலியைத் தாம் தருவதாகவும் புது டைல்ஸும் பதிக்கும் செலவும் எங்களுடையது என்றும் சொல்கிறார். அந்தச் செலவு 85,000 ரூபாய்க்குக் குறையாது.

ஒப்பந்தத்தில் ஓராண்டுப் பராமரிப்பு என்று எழுதியிருக்கிறது. அவருக்குத் தர வேண்டிய கடைசித் தவணை 1,20,000 ரூபாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. டைல்ஸ் எல்லாவற்றையும் உடைக்காமல் கசிவைக் கண்டுபிடிக்க வழி உண்டா? செலவு யாருடையது? தவணையை நிறுத்தி வைப்பது சரியா?

இதோடு தொடர்பில்லாத இன்னொரு தொல்லையும் உண்டு. ஷவரில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று ஆடி மாதத்தில் மொட்டைமாடித் தொட்டிக்குப் பக்கத்தில் தானியங்கி ப்ரஷர் பம்ப் ஒன்று பொருத்தினோம். யாரும் குழாயைத் திறக்காத இரவு நேரத்திலும் அது அடிக்கடி ஓடி ஓடி நிற்கிறது என்று மாடியில் படுக்கும் மகன் குறைப்படுகிறான். பம்ப்பை மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கேட்கப் போகிறேன்.

தளமேற்பார்வை எழுதியது:

ஐயா, பம்ப்பை மாற்றாதீர்கள். தொடர்பில்லாத தொல்லை என்று நீங்கள் கடைசியில் எழுதியதுதான் உங்கள் கேள்விக்கான பதில். அந்த வகைப் பம்ப், குழாயில் அழுத்தம் குறைந்தால் ஓடும், நிறைந்தால் நிற்கும். வீடே உறங்கும் நேரத்தில் அது ஓடுகிறது என்றால், பம்ப்பிலேயே தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு பழுதாகியிருக்க வேண்டும், இல்லையேல் எங்கோ தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். சுவர் ஊறும் வீட்டில் நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

கொத்தனார் வேலை, குழாய் வேலை இரண்டையும் இருபத்தைந்து ஆண்டுகளாக மேற்பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: குளியலறைச் சுவரில் ஓதம் கண்டதும் டைல்ஸ் இடுக்கைக் குறை சொல்வது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். இடுக்கு வழியாகவும் தண்ணீர் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் அது குளிக்கும்போது மட்டும் இறங்கி, இரண்டு நாள் புழங்காமல் விட்டால் குறைய வேண்டும். தண்ணீர் வரும் குழாயில் கசிவு என்றால் நீங்கள் ஊருக்குப் போனாலும் அது நிற்காது. சொட்டு ஒன்று கால் மில்லி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு ஒரு நாளில் 20 லிட்டரைத் தாண்டிவிடும். அத்தனையும் சுவருக்குள் இறங்குகிறது.

முதலில் மின்சாரம். அந்தச் சுவரில் ஸ்விட்ச் பெட்டியோ பிளக் பாயின்டோ இருந்தால் அந்த வரிசையின் எம்சிபியை (மெயின் பெட்டியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இன்றே இறக்கி வையுங்கள். மின்கம்பிக் குழாய் வழியாகத் தண்ணீர் பெட்டிக்குள் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு இன்று இரவே ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. எல்லாக் குழாய்களையும் நன்றாக மூடிவிட்டு, பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கீழ்க் குளியலறை கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை (சுவரிலுள்ள சிறு மூடு வால்வு) மூடுங்கள். சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய்க்குத் தண்ணீர் கீசர் வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே அதை மூடினால் அந்தக் குளியலறையின் வெந்நீர் வரிசை முழுவதும் துண்டிக்கப்படும். அதன் பிறகு பம்ப் அமைதியானால் கசிவு வெந்நீர் வரிசையில் இருக்கிறது. இன்னும் ஓடினால், கீழ்க் குளியலறைக்கென்று தனி வால்வு இருந்தால் அதை மூடிப் பாருங்கள். அப்போது அமைதியானால் கசிவு குளிர்ந்த தண்ணீர் வரிசையில் இருக்கிறது. எதை மூடியும் ஓடுகிறது என்றால், பம்ப்பை ஒட்டி வெளியேறும் பக்கத்திலுள்ள வால்வையும் மூடிப் பாருங்கள். அதற்கும் அடங்காமல் ஓடினால்தான் நீங்கள் கடைக்குப் போக வேண்டும்.

கைவசம் ப்ரஷர் டெஸ்ட் பம்ப் வைத்திருக்கும் பிளம்பரை, ஒப்பந்ததாரரின் ஆளாக இல்லாமல் வெளியாளாகப் பார்த்து, அரை நாள் கூலிக்கு அழையுங்கள். கீசரைக் கழற்றி, குழாய் முனைகளை எண்ட் பிளக் போட்டு அடைத்து, தண்ணீர் வரிசைக்கும் வெந்நீர் வரிசைக்கும் தனித்தனியாக அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முள் இறங்குவதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். இரண்டும் இறங்காவிட்டால் மட்டுமே கழிவுநீர்ப் பக்கம் போக வேண்டும். அதற்கு, தரையில் தண்ணீர் வெளியேறும் துளையை (ட்ராப்) அடைத்து, கலர் பொடி கலந்த தண்ணீரை இரண்டங்குலம் தேக்கி, ஒரு நாள் முழுவதும் மட்டம் குறைகிறதா, மறுபக்கம் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

ஆடியில் பம்ப், ஐப்பசியில் ஓதம் என்ற கணக்கும் ஒத்துப்போகிறது. பம்ப் இல்லாதபோது உங்கள் கீழ்க் குளியலறைக் குழாயில் இருந்தது தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் மட்டுமே. எட்டு மீட்டர் உயரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ. பம்ப் அதை இரண்டரை, மூன்று கிலோவுக்கு உயர்த்தியிருக்கும். அரைகுறையாக ஒட்டிய இணைப்பு முன்னதைத் தாங்கிக்கொண்டிருக்கும், பின்னதைத் தாங்காது.

நகரவாசி எழுதியது:

இதற்கு இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. ரெரா என்னும் ரியல் எஸ்டேட் சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் குறைபாடு வந்தாலும் கட்டியவர்தான் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஒரு புகார் கொடுங்கள், ஓடி வருவார்.

ஆவணக்காரர் எழுதியது:

நகரவாசி சொல்வது பாதி சரி, ஆனால் அந்தப் பாதி இந்த வீட்டுக்குப் பொருந்தாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கடமை, அடுக்ககமோ மனைப்பிரிவோ உருவாக்கி விற்கும் நிறுவனங்களுக்கு உரியது. தன் மனையில் தனக்காக ஒருவர் கூலிக்கோ சதுரடிக் கணக்குக்கோ கட்டிக்கொள்ளும் தனி வீடு அதற்குள் வராது. அங்கே புகார் கொடுத்தால் சில மாதங்கள் கழித்து, எங்கள் அதிகார வரம்பில் இல்லை என்ற பதிலோடு திரும்ப நேரிடும். உங்கள் ஓராண்டுப் பராமரிப்புக் காலமும் அதற்குள் முடிந்திருக்கும்.

உங்களுக்குப் பொருந்துவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவதும் அதில் ஒரு சேவையாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தாக்கல் செய்யலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். உங்கள் ஒப்பந்தத் தொகை 32,55,000 ரூபாய் ஆவதால், 20 முதல் 50 லட்சம் வரையிலான வரிசையில் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். தேவைப்பட்டால் ஆணையம் பொறியாளர் துணையோடு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி வீட்டைப் பார்வையிடச் செய்வதும் உண்டு.

ஆனால் அது கடைசி வழி. உங்களுக்கு அவசரமானது வேறு. தை மாதத்தோடு ஓராண்டு முடிகிறது, மூன்று முறை அவர் வந்து போனதற்கும் உங்களிடம் எழுத்தாக ஒன்றும் இல்லை. ஆகவே, ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் பராமரிப்பு சொல்லப்பட்டிருக்கிறது, எந்தத் தேதியில் ஈரத்தை முதலில் பார்த்தீர்கள், அவர் எப்போதெல்லாம் வந்து என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதி, படங்களையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதே கடிதத்தை வாட்ஸப்பிலும் அனுப்புங்கள், படித்ததற்கான நீலக் குறி விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தவணையைப் பற்றி: வாய்மூடி நிறுத்தி வைத்தால், பணம் தராததால் வேலைக்கு வரவில்லை என்று அவர் கதையைத் திருப்பிவிடுவார். ஆகவே, கசிவு சரிசெய்யப்பட்டு அழுத்தச் சோதனையில் தேறிய நாளிலிருந்து இத்தனை நாளில் 1,20,000 ரூபாய் வழங்கப்படும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மறுப்பதற்கும் நிபந்தனை வைப்பதற்கும் ஆணையத்தின் முன் பெரிய வேறுபாடு உண்டு.

இன்னொன்று. நீங்களாகப் பம்ப் வைத்ததால்தான் குழாய் விட்டது என்று அவர் நிச்சயம் சொல்வார். அதற்கு என்ன பதில் என்பதைத் தளமேற்பார்வை ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

தளமேற்பார்வை எழுதியது:

சொல்லட்டும், பதில் குழாயிலேயே அச்சிட்டிருக்கிறது. சுவருக்குள் போட்டது எஸ்டிஆர் 11 வகை (எஸ்டிஆர் என்பது குழாயின் விட்டத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம்) சிபிவிசி, அதாவது வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் என்றால், அது 23 டிகிரி தண்ணீரில் 28 கிலோ அழுத்தத்தையும், 82 டிகிரி வெந்நீரில் 7 கிலோவையும் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்பட்டது. வீட்டுப் பம்ப்பின் மூன்று கிலோ அதற்கு ஒரு பொருட்டே அல்ல. விட்டது என்றால் குழாய் விடவில்லை, ஒட்டியவர் கை விட்டிருக்கிறது. பூச்சுக்கு முன்னால் அழுத்தச் சோதனை செய்தீர்களா, எத்தனை கிலோவில் எத்தனை மணி நேரம் நின்றது என்று அவரைக் கேளுங்கள். செய்தவர் என்றால் உடனே சொல்வார்.

பெரம்பூர்க் குடித்தனம் எழுதியது:

எங்களுடையது சென்னையில் அடுக்ககம், கதை இதேதான். கசிவைக் கண்டுபிடிப்பதில் நாங்கள் ஏமாறவில்லை, அதற்குப் பிறகு ஏமாந்தோம். குழாயைச் சரிசெய்த பதினைந்தாம் நாளே, பொங்கலுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று பட்டி பார்த்து, ஓதம் தடுக்கும் பெயின்ட் இரண்டு கை அடித்துவிட்டோம். மாசி பிறப்பதற்குள் அதே இடத்தில் கொப்புளம் வந்ததோடு, அதுவரை உலர்ந்திருந்த சமையலறைப் பக்கத்திலும் ஈரம் தலைகாட்டியது. உள்ளே நின்ற தண்ணீருக்கு ஒரு பக்கக் கதவை அடைத்தோம், அது மறு பக்கம் போயிற்று.

இரண்டாம் முறை, ஈரம் ஏறிய எல்லைக்கு ஓரடி மேல் வரைக்கும் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்து, இரண்டரை மாதம் அப்படியே விட்டோம். வெள்ளையாகப் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்த்து எடுத்தோம், கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடுமாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்போம். முதல் இரண்டு முறையும் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தது, மூன்றாம் முறைதான் பூச்சுக்காரரை அழைத்தோம்.

அலமாரியைச் சுவரோடு விட்டு வைக்காதீர்கள் அம்மா, ஐயா. எங்கள் அலமாரியை நகர்த்தியபோது பின்பலகை முழுக்கக் கரும்பூஞ்சை பிடித்திருந்தது. அதைத் துடைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், என் மாமியாருக்கு மூன்று நாள் இருமல் நிற்கவில்லை.

வடவள்ளிவாசி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பதினாறு நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று இரவே பம்ப்பைக் கவனித்தோம். சராசரியாக ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஓடியது. கீசரின் ஆங்கிள் காக்கை மூடியதும் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஓடவில்லை. பம்ப் நின்றதற்காக நானும் மனைவியும் நள்ளிரவில் மொட்டைமாடியில் நின்று மகிழ்ந்தது மகனுக்கு வேடிக்கையாக இருந்தது. பாதிக் கண்டுபிடிப்பு அவனுடையது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பினேன், அதில் தவணையைப் பற்றிய நிபந்தனையையும் எழுதினேன். நான்காம் நாள் வெளி பிளம்பரை அழைத்து, ஒப்பந்ததாரரையும் வரச் சொல்லி, அவர் கண்ணெதிரே சோதனை செய்தோம். தண்ணீர் வரிசையில் 7 கிலோ ஏற்றினோம், இரண்டு மணி நேரம் முள் அசையவில்லை. வெந்நீர் வரிசையில் 5 கிலோ ஏற்றியபோது இருபது நிமிடத்தில் மூன்றரைக்கு இறங்கிவிட்டது. நாங்கள் எதிர்பார்த்தபடியே ஒப்பந்ததாரர் பம்ப்பைக் காட்டினார். குழாயில் அச்சிட்டிருந்த எஸ்டிஆர் எண்ணைக் காட்டி, பூச்சுக்கு முன் செய்த சோதனையைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சமயம் தாம் வேறு தளத்தில் இருந்ததாகச் சொன்னார்.

குளியலறைப் பக்கம் உடைப்பதற்குப் பதில், எப்படியும் கொத்த வேண்டிய படுக்கையறைப் பக்கத்திலிருந்தே உள்ளே போகலாம் என்ற யோசனையை வெளி பிளம்பர் சொன்னார். அரைச் செங்கல் தடிமனுள்ள மெல்லிய சுவர் என்பதால் இது முடிந்தது, ஒரு டைல்கூட உடையவில்லை. ஷவர் டைவர்ட்டருக்கு (தண்ணீரை ஷவருக்கு மாற்றிவிடும் வால்வு) கீழே, வெந்நீர்க் குழாய் எல்போ என்ற வளைவு இணைப்புக்குள் முழு ஆழம் நுழையாமல் பாதியிலேயே நின்றிருந்தது. வெளியே பசை தாராளமாக வழிந்து தடித்துக் காய்ந்திருந்ததால் பார்வைக்குக் கெட்டியான இணைப்பாகத்தான் தெரிந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தேதி எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு ஒப்பந்ததாரர் பம்ப்பைப் பற்றிப் பேசவில்லை.

குழாய், பூச்சு, பெயின்ட் எல்லாம் அவர் செலவு என்று எழுதிக் கையொப்பமிட்டார். அலமாரிக்குத் தச்சர் போட்ட 34,000 ரூபாயில் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டு, அதைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். முழுவதும் கேட்டிருக்கலாம்தான், ஆனால் மாடிக் குளியலறையையும் அதே ஆட்கள்தான் ஒட்டினார்கள் என்பதால், அங்கும் இதே சோதனையைத் தம் செலவில் செய்து தர அவர் ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக நினைத்தேன். அது இந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. புதிய இணைப்பை உடனே மூடிவிடலாமா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

தளமேற்பார்வை எழுதியது:

மூடாதீர்கள். பசை இறுக ஒரு நாள் விட்டு, மறுபடி அதே அளவு அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு முழுவதும் வையுங்கள். முள் நின்றால், கீசரை மாட்டி ஒரு வாரம் வெந்நீர் புழங்கிவிட்டு, சூடேறி ஆறும் குழாயில் அந்த இணைப்பு உலர்ந்திருக்கிறதா என்று ஒரு காகிதத்தைச் சுற்றி வைத்துப் பாருங்கள். சுவர் எப்படியும் காயத்தான் வேண்டும், திறந்தே இருப்பதால் நட்டமில்லை. மூடுவதற்கு முன்னால், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப் பிடித்து அளவு தெரியும்படி குழாயைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தச் சுவரில் அலமாரியை மறுபடி மாட்டத் தச்சர் துளை போடும்போது, அந்தப் படத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும்.